முந்தானையில் முடிந்த நார்வேக்காரர்

புதிதாகக் கைடு வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, கழுத்தில் அட்டை மாட்டிய முதல் வாரம் நீங்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறீர்கள். கோயிலை எந்த ராஜா கட்டினான், கோட்டையை எந்தத் துரை கட்டினான் என்று மனப்பாடம் செய்கிறீர்கள். செய்யுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கட்டடத்தைப் பற்றித் தப்பாகச் சொன்னால் கட்டடம் கோபித்துக்கொள்ளாது. மனுஷரைப் பற்றித் தப்பாகச் சொன்னால்தான் வம்பு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவள் சும்மா இருக்காமல் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் இல்லை.

நான் தண்டையார்பேட்டைக்காரி. பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, கல்யாணம் கட்டிக்கொண்டது எல்லாம் அந்த வட்டாரத்துக்குள்தான். வெளிநாட்டுக்காரர்கள் யாராவது ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கேட்டுவிட்டால் மற்ற கைடுகளுக்கு அன்றைக்கென்று தலைவலி வந்துவிடும். "உங்க ஏரியாதானே மேடம், நீங்களே பாத்துக்கங்க" என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் அந்தப் பக்கம் வந்த பயணிகள் அத்தனை பேர் கையிலிருந்த புத்தகத்தையும் நான் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஊருக்கு ஒரு புத்தகம், மொழிக்கு ஒரு புத்தகம். எங்களைப் பற்றி எழுதியிருப்பது மட்டும் இரண்டே ரகம்.

ஒரு ரகம், எங்களை முரடர்கள் என்று சொல்லும். கைப்பை பத்திரம், கிட்டே வந்து நிற்பார்கள், சத்தம் போடுவார்கள், கேட்கக்கூடாததைக் கேட்பார்கள், வழி தெரியாதவர் போல முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள். இன்னொரு ரகம், எங்களைக் கள்ளம் கபடமற்ற மீனவ மக்கள், எப்போதும் புன்னகை என்று சொல்லும். முதல் ரகத்தைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். இரண்டாவதைப் படித்தால் சிரிப்பு வரும். விடியற்காலையில் ஐஸுக்கும் டீசலுக்கும் அலைகிறவன் எந்த ஊரில் புன்னகைத்தான்? அந்தப் புத்தகத்தை நம்பி வந்த ஒரு ஜோடி, வலை கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆளின் முன்னால் கேமராவோடு காத்துக்கொண்டே நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னா, படம் காட்றாங்களா இங்க?" என்றார். நான் அதை எப்படி மொழிபெயர்த்தேன் தெரியுமா? "உங்களை வரவேற்கிறார்" என்றேன்.

அதுதான் நம் தொழிலில் எல்லோரும் செய்வது. ஊர்க்காரர் பேச்சில் இருக்கும் காரத்தை எடுத்துவிட்டு வெல்லத்தைப் போட்டுக் கொடுப்பது. எனக்கும் அது கைவந்த கலை. ஒரே ஒரு நாள் அதைச் செய்யவில்லை. அந்த நாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கரீன் என்று ஓர் அம்மாள் நார்வேயிலிருந்து தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், கண்ணாடி, சின்னக் கிராப், கழுத்தில் நீலக்கலர் ஸ்கார்ஃப். அப்பா பெயர் எரிக். வாலிபத்தில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர், அப்போது எங்கள் துறைமுகத்துக்கு வந்து போயிருக்கிறார். இப்போது ஞாபகம் கரைந்துகொண்டே போகிற வியாதி. காலையில் என்ன சாப்பிட்டார் என்று தெரியாது. ஆனால் மெட்ராஸ் என்றால் மட்டும் முகம் மலரும். "முழுசாக மறப்பதற்குள் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று கூட்டிவந்தேன்" என்றாள் கரீன். காரில் போகும்போதே அவள் மடியில் புத்தகம் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். முரட்டு ரகம்.

ராயபுரம் பழைய ஸ்டேஷனில் இறங்கினோம். எரிக் வெள்ளைத் தொப்பியும் அரைக்கைச் சட்டையுமாகத் தூணைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். கரீன் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள், நான் ஸ்டேஷன் முகப்பைக் காட்டிப் பதில் சொன்னேன், அவள் ஒரு படம் எடுத்தாள். திரும்பினால் ஆளைக் காணோம்.

முதலில் பெட்டிக்கடைப் பக்கம் பார்த்தோம், பிறகு பிளாட்பாரம், பிறகு கழிப்பறை. இல்லை. வெளியே கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. அந்த ரோட்டைக் கடக்க எங்கள் ஊர்க்காரர்களே சாமி கும்பிட்டுக்கொண்டுதான் காலை வைப்பார்கள். கரீனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நான் போலீசுக்குப் போன் போட்டேன். அதைத் தவறாமல் செய்யுங்கள், முதலில் செய்யுங்கள். போட்டுவிட்டு ஆட்டோ ஸ்டாண்டை நோக்கி நடந்தபோது கரீன் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றாள். "பாஸ்போர்ட், பணம் எல்லாம் அவர் கழுத்துப் பையில்தான் இருக்கிறது. தனியாக இருக்கிறார், புத்தி தெளிவில்லை என்று இவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? போலீஸ் தேடட்டும்."

இங்கேதான் பிள்ளைகளே, நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். நம்மை நம்பி வந்தவள் அவள். அவள் சொல்வதைக் கேட்க வேண்டியது நம் கடமை. அவள் சொன்னதும் அவள் பிழை அல்ல, வழி தவறியதைக் காட்டிக்கொள்ளாதே என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ரோட்டில் லாரி ஓடுகிறது, அந்தப் பக்கம் கடல் இருக்கிறது, பெரியவருக்கு ஒன்றுமே தெரியாது. எனக்குத் தெரிந்த ஊரை நான் நம்புவதா, அவள் படித்த ஊரை நம்புவதா?

நான் அவள் கையை மெதுவாக விலக்கினேன். ஸ்டாண்டில் போய் நின்று, மீன்காரி மாதிரி கத்தினேன். "யப்பா, வெள்ளைக்காரப் பெரியவர் ஒருத்தர் காணாமப் பூட்டாரு! வெள்ளைத் தொப்பி, அரைக்கை சட்டை. ஞாபக மறதி. பாத்தா புடிச்சி வைங்க!" டீக்கடை மாஸ்டர் கிளாஸை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கரீன் முகம் வெளுத்துப்போய் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இவளும் சேர்ந்துதான் கெடுக்கிறாள் என்கிற பார்வை. நான் ஊரை நம்பிக் கத்திவிட்டேன், பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆட்டோக்காரர் பிரேக் போடாமலேயே கத்திக்கொண்டு வந்தார். "யக்கா, கெட்ச்சிட்டாரு! காசிமேட்டுல மீன் ஆயிற எடத்துல குந்திகினு கீறாரு!"

"ஏத்திகினு வர வேண்டியதுதானேப்பா?" என்று கேட்டேன்.

"நான் இட்டாரன்னுதான் சொன்னேன். அங்க மீன் வெட்ற பவானி வுட மாட்டேன்னுது. தொலஞ்சவங்கள கெட்ச்ச எடத்துலேர்ந்து நகத்தக் கூடாதாம். தேடி வர்றவங்க அங்க வந்து பாத்துட்டு பேஜாராயிடுவாங்களாம்."

அது எங்கள் பக்கத்து வழக்கம். திருவிழாவிலோ மார்க்கெட்டிலோ தொலைந்த குழந்தை யார் கண்ணில் படுகிறதோ, அவர் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். தேடுகிற தாய் வந்த வழியே திரும்பி வருவாள் என்பது கணக்கு. கரீனிடம் இதை விளக்க எனக்கு எங்கே நேரம் இருந்தது? போலீசுக்கும் தகவல் சொல்லிக்கொண்டே ஆட்டோவில் ஏறிப் பறந்தோம்.

காசிமேட்டில் ஏலம் முடிந்து சில்லறை வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. மீன் வாங்குகிறவர்களுக்கு அங்கேயே செதில் எடுத்து, குடல் நீக்கி, வெட்டிக் கொடுக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருத்தி பவானி. முப்பத்தைந்து வயது இருக்கும், கட்டையான உடம்பு, கணீரென்ற குரல். முன்னால் மரக்கட்டை, கையில் பெரிய கத்தி, சுற்றிலும் செதில். பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் மீன் பெட்டியின்மேல் எரிக் உட்கார்ந்திருந்தார். தொப்பி இல்லை. அவர் மணிக்கட்டில் பவானியின் முந்தானை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

புருஷனை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள் என்று நாம் கேலிக்குச் சொல்வோம். இது நிஜமான முடிச்சு. நடக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை தண்ணீர்ப் பக்கம் ஓடாமல் இருக்க, இரண்டு கையும் வேலையில் மாட்டிக்கொண்ட தாய் போடுகிற முடிச்சு. எனக்குப் பார்த்த உடனே புரிந்தது. கரீனுக்கு என்ன தெரிந்திருக்கும், சொல்லுங்கள்? கூட்டம், கத்தி, ரத்தம், கட்டிப்போட்ட அப்பா. அவள் வீறிட்டுக்கொண்டு ஓடினாள். "ஏன் கட்டினாய், அவிழ்த்து விடு!" என்று தன் பாஷையிலும் ஆங்கிலத்திலும் கத்தியபடி முடிச்சைப் பிடித்து இழுத்தாள்.

பவானி கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு கையால் கரீனின் கையைத் தள்ளினாள், இன்னொரு கையால் பெரியவரைப் பிடித்துக்கொண்டாள். "யாரும்மா நீ? வந்த, இஸ்துகினு போற?"

நான் குறுக்கே புகுந்தேன். "அவரு பொண்ணும்மா இது. நான் இவங்களோட கைடு, தண்டார்பேட்டைதான்."

"நீ சொன்னா ஆச்சா யக்கா? அவரு சொல்லட்டும். இதோ எதுத்தாப்ல ரோட்டுல நடுவுல நின்னுகினு இருந்தாரு மனுஷன், லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான், நவுர மாட்டேன்றாரு. நான் ஓடிப்போயி கையப் புடிச்சி இட்டாந்தேன். யார் வந்து கேட்டாலும் குடுத்துருவனா? கழுத்துல பை வேற தொங்குது."

பிறகு எரிக்கைப் பார்த்து, கரீன் பக்கம் கையைக் காட்டி, "நைனா, இது யாரு?" என்று கேட்டாள்.

எரிக் தன் மகளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். மரியாதையாக ஒரு தலையசைப்பு, தெரியாதவர்களுக்குச் செய்வது போல. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பவானி என்னைப் பார்த்தாள். "பாத்தியா? அவருக்கே தெரியல."

கரீன் என்னிடம், "என்ன கேட்டாள்?" என்றாள். நான் சொன்னேன். அவள் கை அப்படியே தொங்கிப்போயிற்று. பெற்ற அப்பா பத்துப் பேர் நடுவில் இவளைத் தெரியாது என்கிறார், அதுவும் இவளே பயந்து வந்த ஊரில். நான் அட்டையைக் காட்டிச் சண்டை போட்டிருக்கலாம், போலீஸ் பெயரைச் சொல்லியிருக்கலாம். இரண்டும் சட்டப்படி சரிதான். ஆனால் பவானி கேட்டது நியாயமான கேள்வி. அதை மிரட்டி மூடக்கூடாது என்று தோன்றியது. இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "அப்பா பக்கத்தில் உட்காருங்கள், ஒன்றும் பேச வேண்டாம்" என்று கரீனிடம் சொன்னேன்.

அவள் உட்கார்ந்தாள். பவானி கத்தியை எடுத்து விட்ட இடத்திலிருந்து சங்கரா மீனை வெட்டத் தொடங்கினாள். வெட்டி முடித்ததும் எரிக் தானாகவே ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்துப் பிடித்தார், அவள் துண்டுகளை அதில் போட்டாள். நாங்கள் வருவதற்கு முன்பே இருவரும் கூட்டு வியாபாரம் ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது. அடுத்த கவரை எரிக் கரீனிடம் நீட்டினார். அவள் வாங்கி இப்படியும் அப்படியும் இழுத்தாள், கவரின் வாய் பிரியவில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவர்கள் பாஷையில் சிடுசிடுவென்று ஏதோ சொன்னார். கரீன் குபீரென்று சிரித்தாள், உடனே அழுதாள்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"'சின்ன வயசிலிருந்து உனக்குப் பொறுமையே கிடையாது' என்கிறார்."

நான் பவானிக்குச் சொல்லக்கூட இல்லை. அவள் இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொண்ணுதான். மூக்கப் பாரு, அச்சா அவரு மூக்கு" என்று சொல்லிவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்த கையோடு ஆரம்பித்தாள் பாருங்கள் ஒரு திட்டு.

"அறிவு கீதா உனுக்கு? இந்த நெலமையில கீற மனுஷன வுட்டுட்டு இன்னாத்த வேடிக்க பாத்துகினு நின்ன? கூடப்பொறந்தது யாரும் இல்லியா? ஒத்தையில எல்லாத்தையும் இஸ்துகினு திரியிறியா? சோறு துன்னியா இன்னிக்கு? கண்ணப் பாரு, குழி வுழுந்து கீது. இப்டியே போனா அவரு தொலையறதுக்கு முன்ன நீ தொலஞ்சி பூடுவ!"

கரீன் என் பக்கம் திரும்பவில்லை. பவானியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "என்ன சொல்கிறாள்?" என்றாள்.

என் வாயில் வெல்லம் தயாராக இருந்தது. 'உங்கள் அப்பா கிடைத்ததில் அவளுக்கு மகிழ்ச்சி.' ஆனால் கரீன் பார்த்துக்கொண்டிருந்த முகத்தில் அந்த வார்த்தை இல்லை. அங்கே கோபம் இருந்தது, கண்ணோரம் தண்ணீரும் இருந்தது. நான் வேறு எதைச் சொன்னாலும் பொய் என்று கண்டுபிடித்துவிடுவாள். அதனால் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அறிவு இருக்கிறதா என்பது முதற்கொண்டு சொன்னேன்.

கரீன் கடைசிவரை கேட்டுக்கொண்டாள். "சாப்பிட்டாயா என்றா கேட்டாள்?"

"ஆமாம்."

"அம்மா போன பிறகு என்னை யாரும் இப்படித் திட்டவில்லை" என்றாள். "எங்கள் ஊரில் எல்லோரும் நல்லவர்கள். நீ எவ்வளவு தைரியசாலி, எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய் என்பார்கள். சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்."

பவானி டீ வாங்கிவரச் சொன்னாள். கரீன் கைப்பையைத் திறந்ததும், "உள்ள வை, அடி வாங்குவ" என்றாள். அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன்.

ஸ்டேஷனில் நின்ற காருக்குத் திரும்பியதும் கரீன் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை எழுதியவர் இங்கே வந்திருப்பாரா?" என்று கேட்டாள். "வந்திருப்பார்" என்றேன். "தொலைந்திருக்க மாட்டார்."

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த வெள்ளைத் தொப்பி போனது போனதுதான். கொஞ்ச நாள் கழித்து அதை ஐஸ் வண்டி தள்ளுகிறவர் ஒருவர் தலையில் பார்த்தேன். கேட்டதற்கு, "பெர்சே கழட்டி என் தலையில வச்சி வுட்டாரு யக்கா, சத்தியமா" என்றார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எங்கள் ஆட்கள் தேவதூதர்கள் என்று நீங்கள் போய் எழுதிவைத்தால் அது மூன்றாவது ரகப் புத்தகமாகிவிடும், அதுவும் வேண்டாம். எழுதுகிறவர் ஒரு நாள் வந்து ஒரு முகத்தைப் பார்த்துப் போகிறார். அவர்மேல் எனக்கு இப்போது பெரிய கோபம் இல்லை. ஆனால் நாம் அங்கேயே இருப்பவர்கள். பயணியின் காதுக்கும் ஊர்க்காரரின் வாய்க்கும் நடுவில் நிற்பவர்கள். எப்போது இனிப்புப் போட வேண்டும், எப்போது காரத்தைக் காரமாகவே கொடுக்க வேண்டும் என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். கேட்கிறவரின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அதுவே சொல்லிவிடும். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

இந்த வருஷம், நான் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, ஒருநாள் காலை போன் வந்தது, அன்றைக்குக் காசிமேட்டில் என் நம்பரை வாங்கிவைத்திருந்தவளிடமிருந்து. பவானி. "யக்கா, ஒன் கரீனு இங்க வந்து கீது. ஒத்தையா."

கைடு வைத்துக்கொள்ளவில்லை, எனக்கும் சொல்லவில்லை. தானாகவே வழி கேட்டுக்கொண்டு காசிமேட்டுக்கு வந்திருக்கிறாள். நான் ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். போகிற வழியெல்லாம், பாவம், இரண்டு பேரும் பேச பாஷை இல்லாமல் முழித்துக்கொண்டிருப்பார்களே என்றுதான் கவலை.

பவானி வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பெட்டியில் கரீன் கவரைப் பிரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை கவரின் வாய் சரியாகவே பிரிந்திருந்தது. இருவர் கண்களும் அழுது சிவந்திருந்தன.

"பெர்சு பூட்டாரு யக்கா" என்றாள் பவானி.

"உனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது?"

"அதுதான் சொல்லுச்சு." கத்தி முனையால் கரீனின் மடியைக் காட்டினாள். அந்த நீலக்கலர் ஸ்கார்ஃப் சுருண்டு கிடந்தது. கரீன் அதை எடுத்து எனக்கும் செய்து காட்டினாள். ஒரு நுனியைத் தன் இடுப்பில் செருகினாள், சமையல் செய்வது போல, பாத்திரம் கழுவுவது போலக் கையை ஆட்டினாள். மறு நுனியைக் காற்றில் யாரோ ஒருவரின் மணிக்கட்டில் கட்டுவது போல முடிச்சிட்டாள். கடைசியில் அந்த முடிச்சை மெல்ல அவிழ்த்து, நுனியைக் கீழே விட்டாள்.

அவள் தோளைத் தொடப் போனபோதுதான் பார்த்தேன். கரீனின் இடது மணிக்கட்டில் பவானியின் முந்தானை. இறுக்கமான முடிச்சு.

"இது எதுக்குடி?" என்றேன்.

"தொலஞ்சி போயி வந்து நிக்கிது. வுட்டுருவனா?"

"சரி, நான்தான் தேடி வந்துட்டேனே. அவுத்து வுடு, வூட்டுக்கு இட்டுகினு போறேன்."

"இரு யக்கா" என்றாள் பவானி, கத்தியை எடுத்துக்கொண்டே. "அது இன்னும் சோறு துன்னல."

கரீன் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்கவில்லை. அடுத்த கவரைப் பிரித்து நீட்டினாள். நான் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.